குரோமுக்குக் கீழே என்ன மிச்சம்?

குரோமியத்துக்குத் துருப் பிடிப்பதில்லை. துரு இரும்பிலிருந்து வருவது. குரோம் பூச்சுள்ள சக்கரத்தில் செம்பழுப்பாகத் தெரியும் புள்ளி ஒன்று அடியில் இருக்கும் எஃகிலிருந்து கசிந்து வந்ததாக இருக்கும், அல்லது பிரேக்கிலிருந்து பறந்து வந்து மேலே ஒட்டிக்கொண்ட இரும்புத் தூளாக இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் முதலாவது உள்நோய், இரண்டாவது வெறும் அழுக்கு. பழைய காரின் சக்கரங்களை மீட்பது பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதே இல்லை. எதைப் போட்டுத் தேய்க்கலாம் என்று தொடங்கி எந்த பாலிஷ் நல்லது என்று முடிந்துவிடுகின்றன. முதலில் கேட்க வேண்டியது வேறு: குரோமுக்குக் கீழே நிக்கல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

நாம் குரோம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி நிக்கல்தான். அலங்காரப் பூச்சில் குரோமியத்தின் கனம் பொதுவாக அரை மைக்ரானைத் தாண்டாது, கால் மைக்ரானே சாதாரணம். தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்றால், அதில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கே உள்ள படலம் அது. அதற்கு அடியில் 20, 30 மைக்ரானுக்கு நிக்கல் இருக்கும். நல்ல வேலையாக இருந்தால் நிக்கலுக்கும் அடியில் செம்பு இருக்கும். கண்ணாடிபோன்ற பளபளப்பும், நீரை எஃகிடம் விடாமல் தடுக்கும் காவலும் நிக்கலின் வேலை. குரோமியம் மேலே உட்கார்ந்து நிக்கல் மங்காமலும் கீறாமலும் பார்த்துக்கொள்கிறது, அந்த நீலம் கலந்த வெண்மையையும் தருகிறது.

துத்தநாகம் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றும். நிக்கல் அப்படிப்பட்டதல்ல. மின்வேதியியல் வரிசையில் அது இரும்பைவிட மேலே நிற்பதால், பூச்சில் ஓர் ஊசித்துளை விழுந்து ஈரம் உள்ளே போனால் அரிக்கப்படுவது இரும்புதான். சுற்றிலும் அகன்று கிடக்கும் நிக்கல் பரப்பு முழுவதும் அந்தச் சின்னத் துளைக்குள் தெரியும் இரும்பின் மீது பாரத்தைப் போடுகிறது. அதனால்தான் மேலே கடுகளவு தெரியும் புள்ளிக்கு அடியில் அதைவிட அகலமான குழி ஒளிந்திருக்கிறது. உப்பு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டும் அமெரிக்கப் பேரேரிப் பகுதியிலும் கனடாவிலும் பழைய குரோம் சக்கரங்கள் படும் பாடு இதனால்தான்.

நிக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே பரிசோதனை நடந்திருக்கிறது. கார்களில் முதலில் வந்தது நிக்கல் பூச்சுதான். அது மங்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். 1924-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கும் சார்லஸ் எல்ட்ரிட்ஜும் குரோமியத்தை வணிக அளவில் பூசும் வழியை வகுத்தபின், 1920களின் பிற்பாதியிலிருந்து டெட்ராய்ட் முழுக்க குரோம் பரவியது. பிறகு கொரியப் போர் வந்தது. ஜெட் என்ஜின்களுக்கும் ஆயுதங்களுக்கும் நிக்கல் தேவைப்பட்டதால் அமெரிக்க அரசு பொதுமக்கள் பயன்பாட்டுக்கு நிக்கலைக் கட்டுப்படுத்தியது. 1951 முதல் 1953 வரையிலான கார்களில் பல பாகங்களுக்குச் செம்பின் மேல் நேரடியாகக் குரோம் பூசி, அதன்மேல் தெளிந்த வார்னிஷ் அடித்து அனுப்பினார்கள். வார்னிஷ் உரிந்ததும் அந்த மினுமினுப்பு வெகு சீக்கிரம் போய்விட்டது. குரோம் அப்படியே இருந்தது, காவல்தான் இல்லை. அந்த ஆண்டுகளின் கார் ஒன்றை மீட்பவர் 'இது ஏன் இவ்வளவு மோசமாகப் போயிருக்கிறது' என்று முன்னாள் உரிமையாளரைத் திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

பின்னர் வந்த இரட்டை நிக்கல் முறை இதற்கு நேர் எதிர்ப் பாடம். கந்தகம் இல்லாத, அரைப் பளபளப்பான நிக்கலை அடியிலும், கந்தகம் சேர்ந்த பளபளப்பான நிக்கலை மேலேயும் போடுவார்கள். அரிப்பு மேலடுக்கோடு நின்று, ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவும். எஃகைத் தொட நெடுநாள் ஆகும். ஒரே வயதுள்ள இரண்டு கார்களில் ஒன்று புள்ளியில்லாமலும் மற்றொன்று சல்லடையாகவும் இருப்பதற்கு, பராமரிப்பைவிட அன்றைக்குப் பட்டறையில் எவ்வளவு நிக்கல் ஏறியது என்பதே பெரும்பாலும் காரணம்.

சக்கரத்தின் உருவமும் எதிரிதான். குரோமியத் தொட்டியில் மின்னோட்டம் மேடுகளைத் தேடிப் போகும், பள்ளங்களுக்கு எட்டாது. தட்டையான பம்பரில் இது பெரிய குறையில்லை. சக்கரத்தில் மேடும் பள்ளமும்தான் அதிகம். 1960களில் மிச்சிகனின் மோட்டார் வீல் நிறுவனம் செய்த மேக்னம் 500 சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு மஸ்டாங் முதல் கிரைஸ்லர் குடும்பத்துக் கார்கள் வரை பலவற்றில் மாட்டப்பட்ட, அச்சில் அழுத்திய எஃகுச் சக்கரம் அது. ஐந்து கைகளின் முகப்பு நன்றாகவே இருக்கும். கைகளுக்கு இடையேயுள்ள துளைகளின் ஓரம், நட் உட்காரும் குழிகள், நடுத்தட்டும் ரிம்மும் சேரும் பற்றவைப்பு, வால்வுத் துளை, டயர் மறைத்துக்கொண்டிருக்கும் உட்புறம் ஆகிய இடங்களில்தான் முதலில் போகும். இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும் இடுக்கில் நீர் உலரவே உலராது.

ஆகவே கையில் உப்புக் காகிதம் எடுப்பதற்கு முன் பூதக்கண்ணாடி எடுக்க வேண்டும். சோப்பு நீரில் கழுவி உலர்த்திய சக்கரத்தில், நட் குழியின் ஓரத்தைப் பத்து மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். முழுப் பூச்சு என்றால் விளிம்பு தொடர்ச்சியாக வெள்ளையாக ஓடும். நோய் தொடங்கியிருந்தால் நடுவில் கறுப்பான ஒரு துளை, அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், வளையத்துக்கு வெளியே கசிந்து காய்ந்த மெல்லிய கறை என்று மூன்றும் தனித்தனியாகத் தெரியும். நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் கறை மேலே இருக்கிறது. நகம் சிக்கினால் கீழே குழி இருக்கிறது. ஓரம் தூக்கி, நகத்தின் நுனியில் வெள்ளிச் செதிலாக உரிந்து வந்தால் அந்த இடத்தில் நிக்கல் எஃகை விட்டுவிட்டது. அதற்குமேல் எந்த பாலிஷும் மருந்தில்லை. மங்கலான மஞ்சள் சாயல் தெரிந்தால் அது வேறு கதை. முன்னே யாரோ அளவுக்கு மீறித் தேய்த்துக் குரோமைத் தாண்டி நிக்கலுக்கு வந்திருக்கிறார்கள்.

கறை மேலே மட்டும் இருந்தால் கைவைத்தியங்கள் எல்லாமே கொஞ்சம் வேலை செய்யும். புகழ்பெற்றது அலுமினியத் தகடு. சமையலறைத் தகட்டைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பார்கள். சிறிது நேரத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒன்று திரளும், துடைத்தால் பழுப்புக் கறை அதோடு போயிருக்கும். இதற்கு மின்வேதியியல் விளக்கங்கள் நிறையச் சொல்லப்படுகின்றன. எனக்குத் தோன்றுவது எளிமையானது: மோஸ் கடினத்தன்மையில் குரோமியம் 8.5-க்கு அருகே, அலுமினியம் 3-க்கும் கீழே. துருவை உராய்ந்து எடுக்கும் அளவுக்குச் சொரசொரப்பும், குரோமைக் கீற முடியாத மென்மையும் அதற்கு உண்டு. கோலா பானத்தில் நனைத்தால் இன்னும் நன்றாக வரும் என்பதும் பொய்யில்லை. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. ஆனால் சர்க்கரைப் பிசுக்கைக் கழுவும் வேலை தனி. நான்கு பூஜ்ய எண்ணுள்ள மிக நைசான இரும்புப் பஞ்சும் வேலை செய்யும். அதன் நூல்கள் ஒடிந்து இடுக்குகளில் தங்கி, பிறகு அவையே துருப்பிடிக்கும் என்பதால் பித்தளைப் பஞ்சு மேல்.

அடுத்த படியில் மென்மையான அமிலங்கள்: கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம், இரும்பை மட்டும் பிடித்திழுக்கும் துருநீக்கித் திரவங்கள். ஊசித்துளைப் புள்ளிகள் கொண்ட எஃகுச் சக்கரத்துக்கு இவை தக்கவை. தேய்க்காமல் துளைக்குள் இருக்கும் துருவையும் கரைத்துவிடுகின்றன. ஆக்சாலிக் விஷம்; கையுறை இல்லாமல் தொடக்கூடாது, உலர்ந்த தூளை முகர்ந்துவிடக்கூடாது. இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். துருவைக் கரைத்ததும் துளை மூடிவிடுவதில்லை. சுத்தமான, திறந்த துளை ஒன்று கிடைக்கிறது, அவ்வளவுதான். மெழுகு போட்டு அடைக்காமல் விட்டால் அடுத்த மழைக்கே பழைய இடத்தில் பழைய புள்ளி எட்டிப்பார்க்கும். 'அந்த மருந்து ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை' என்று குறைப்படுவோர் பலர் இந்தக் கடைசிப் படியை விட்டவர்கள்.

செய்யக்கூடாதவை சில. கழிப்பறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம்; பிளேட்டிங் பட்டறையில் குரோமை உரித்தெடுக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். சலவை சோடாக் கரைசலில் பேட்டரி மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் முறை வெறும் இரும்புக்கு அருமையானது. குரோம் சக்கரத்தில் கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் குரோம் கரைந்து போகும், சரியாக இணைத்தாலும் தளர்ந்த பூச்சு தூக்கிக்கொள்ளும். எதிர் முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைத் தொங்கவிடுவது இன்னும் மோசம். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் நீரில் இறங்கும்.

எஃகு என்று நினைத்ததும் எப்போதும் எஃகாக இருக்காது. 1964-இல் வந்து அமெரிக்க இளைஞர் உலகத்தையே பிடித்த கிரேகர் எஸ்எஸ் சக்கரத்தில் வெளி வளையம் குரோம் பூசிய எஃகு, நடுப்பகுதி குரோம் பூசிய அலுமினிய வார்ப்பு. ஒரே சக்கரத்தில் இரண்டு நோய்கள். வளையத்தில் பழுப்புத் துரு, நடுவில் வெண்பொடி கக்கும் கொப்புளம். வளையத்துக்கு ஏற்ற அமிலம் நடுவில் பட்டால் கொப்புளத்துக்குள் புகுந்து அலுமினியத்தைத் தின்னும். காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு இரண்டையும் தனித்தனியாக நடத்துவதே வழி. பிற்காலத்தில் வந்த குரோம் அலாய் சக்கரங்களில் தொல்லை வேறு இடத்தில் காட்டும். டயரின் பீட் உட்காரும் வரப்பில் பூச்சு உரிந்து, காற்று மெல்லக் கசியும். பஞ்சர் கடைக்காரர் டயரையும் வால்வையும் சோதித்துக்கொண்டிருப்பார்.

கம்பிச் சக்கரங்கள் தனி உலகம். ஜாகுவார் ஈ-டைப்பில் சக்கரத்துக்கு 72 கம்பிகள், எம்ஜிபி-யில் 60. ஒவ்வொரு கம்பியும் நிப்பிளுக்குள் நுழையும் இடம் ஒரு இடுக்கு, ஒன்றையொன்று தாண்டும் இடம் இன்னொன்று. மேலோட்டமாகத் துடைக்கலாமே தவிர, முழுமையாக மீட்பது என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்தபின்னும் கம்பிக்கு மறுபடி குரோம் பூசுவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அமிலத்தில் நனைக்கும்போதும் மின்பூச்சின்போதும் எழும் ஹைட்ரஜன் உறுதியான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். முறுக்கி இழுத்துக் கட்டப்பட்ட கம்பி ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடியும். பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும் பட்டறையிடம்தான் இதைக் கொடுக்கலாம். என் கருத்து, கம்பிகளைத் துருப்பிடிக்காத எஃகில் புதிதாகப் போட்டு, ரிம்முக்கும் நடுக்குடத்துக்கும் மட்டும் பூச்சு ஏற்றுவது. தூய்மைவாதிகள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

மறுபூச்சு என்று முடிவெடுத்தால் அது பெரும்பகுதி பாலிஷ் வேலை என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய குரோமையும் நிக்கலையும் எதிர்மின்னோட்டத்தில் உரித்து, வெறும் எஃகைப் பட்டையால் அரைத்துக் குழிகளைச் சமன்படுத்துவார்கள். மெல்லிய சயனைடுச் செம்பு ஒன்று, அதன்மேல் அமிலச் செம்பு கனமாக, பிறகு பஃபிங். சின்னக் குழிகள் செம்பில் நிரம்பும். மீதமிருந்தால் மீண்டும் செம்பு, மீண்டும் பஃபிங். அதன் பின்னரே நிக்கல் தொட்டி. குரோம் தொட்டியில் சக்கரம் இருப்பது சில நிமிடங்களே. குரோம் எதையும் மறைக்காது. அடியில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும் பெரிதுபடுத்திக் காட்டும். பட்டறையில் விலை கேட்கும்போது "செம்பு போடுவீர்களா, நிக்கல் எத்தனை மைக்ரான்?" என்று கேளுங்கள். "அதெல்லாம் நல்லா வரும் சார்" என்ற பதில் வந்தால், பதில் கிடைத்துவிட்டது.

அரைப்பதற்கும் எல்லை உண்டு. சக்கரம் நகையல்ல, காரையே தாங்கி ஓடுவது. நட் துளைகளைச் சுற்றி விரிசல், பீட் வரப்பில் ஆழமான அரிப்பு, பற்றவைப்பில் தேய்மானம் இருந்தால் அதைப் பளபளப்பாக்குவது ஆபத்தை மறைப்பதுதான். மேக்னம் 500 போன்றவற்றில் அளவும் தயாரிப்புத் தேதியும் சொல்லும் அச்சுக் குறியீடுகள் இருக்கும். கவனமில்லாத பஃபிங்கில் அவை அழிந்தால் சேகரிப்பாளர் பார்வையில் அசல் சக்கரத்துக்கும் இப்போது புதிதாக அச்சடித்து விற்கும் நகலுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். நகலின் விலை மறுபூச்சைவிடக் குறைவாக இருக்கும்போது, தினம் ஓட்டும் காருக்கு நகலே போதும்.

மறுபூச்சு அரிதாகிவருவதற்குக் காரணம் குரோமியத் தொட்டியே. வழக்கமான தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். மின்னோட்டத்தின் பெரும்பகுதி பூச்சுக்குப் போகாமல் வாயுக் குமிழிகளாகப் பொங்குவதால் நச்சுப் பனி எழும். அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பது உறுதியானது. மூக்கின் நடுச்சுவரில் துளை விழுவது பழைய குரோம் தொழிலாளர்களின் அடையாளமாகவே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பின் தனி அனுமதி இல்லாமல் குரோமியம் ட்ரைஆக்சைடைப் பயன்படுத்த முடியாது. அலங்காரப் பூச்சில் அதை 2027 முதல் தடைசெய்ய கலிஃபோர்னியா 2023-இல் முடிவெடுத்தது. தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. தோல் பதனிடலுக்கும் மற்ற தொழில்களுக்கும் குரோமிய உப்புகள் செய்த ராணிப்பேட்டை ஆலை 1990களின் நடுவில் மூடியது, ஆனால் அது விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டே இருந்தது. சக்கரத்தின் மினுக்கத்துக்காகக் கொல்லைப்புறத்தில் தொட்டி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வரலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பவுடர் கோட்டிங் உறுதியானது, ஆனால் கண்ணாடியாக இருக்காது. வெள்ளி உப்பைத் தெளித்து மேலே வார்னிஷ் அடிக்கும் 'குரோம் ஸ்ப்ரே' கண்காட்சிக்கு அழகு. கல் தெறிக்கும் சாலைக்கும் டயர் மாற்றும் கடப்பாரைக்கும் தாங்காது. டயருக்கு அடியில் மறையும் உட்புறத்தை மட்டும் துரு நீக்கி, எபாக்சி பிரைமரும் வெள்ளி நிறமும் அடித்து, முகப்புக் குரோமை அப்படியே விட்டுவிடுவது பலருக்குத் தெரியாத நல்ல சமரசம். நட் உட்காரும் குழியிலும் பிரேக் டிரம்மில் ஒட்டும் முகத்திலும் மட்டும் பெயின்ட் கூடாது. அது நசுங்கினால் நட் தளரும். எப்படி மீட்ட சக்கரமானாலும், மாட்டிய பின் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது வழக்கம்.

ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் இன்று மரியாதை இருக்கிறது. 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார் சங்கம், தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் பாகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் கார்களுக்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அங்கே சில புள்ளிகள் உள்ள அசல் குரோம் புதுப்பூச்சைவிட மதிக்கப்படும். அந்தப் பாதையில் போவோருக்கு வேலை எளிது: துரு நீக்கி, முழுவதும் உலர்த்தி, நுண்படிக மெழுகை இரண்டு பூச்சு பூசி, ஈரமான சிமென்ட் தரையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது.

மறுபூச்சுக்கே போவதென்றால் நான்கு சக்கரங்களையும் ஒரே பட்டறையில் ஒரே தடவையாகக் கொடுங்கள். புதிதாகப் பரவிவரும் மூன்று இணைதிறன் தொட்டியின் குரோம் சற்றுக் கருமையாகத் தெரியும். ஒரு சக்கரத்தில் மட்டும் அது இருந்தால் வெயிலில் நிறுத்தியதும் கண்ணில் படும், பம்பரோடும் ஒத்துப்போகாது. ஸ்டெப்னி காரோடு வந்த அசல் சக்கரமாக இருந்தால் அதை மட்டும் தொட்டியில் இறக்காதீர்கள். டிக்கிக்குள் வெயில் மழை படாமல் கிடந்ததால் தொழிற்சாலை நிறம் அதில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பட்டறைக்காரரிடம் மாதிரிக்குக் காட்ட அதைவிட நல்லது கிடைக்காது.